கண்ணாடிக் கூண்டுக்கு வர்ணம்

சென்ற கோடை விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பேரன் புதுக்கோட்டைக்கு வந்து இறங்கினான். துணிமணிப் பையைப் பஸ்ஸிலே மறந்திருந்தாலும் மறந்திருப்பான். கையிலிருந்த அட்டைப் பெட்டியை மட்டும் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். வந்ததும் வராததுமாக என் எழுத்து மேஜையைக் கைப்பற்றி, அதன்மேல் இருந்த காகிதங்களை ஜன்னல் திண்டுக்கு நாடு கடத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தான். மூடியின் மேல் ஓர் ஆகாய விமானம் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தது. உள்ளே பார்த்தாலோ, மீன் முள்ளைப் போன்ற சில சாம்பல் நிறச் சட்டங்களும், அவற்றில் காய்த்துத் தொங்கிய பல துண்டுகளுந்தான் இருந்தன.

"இதுவா விமானம்?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை, தாத்தா. நாம்தான் விமானம் ஆக்க வேண்டும்" என்றான்.

அந்த "நாம்" என்ற சொல்லில் அடியேன் மயங்கியிருக்கக் கூடாது. மயங்கியதன் பலன்தான் இவ்வாரக் கட்டுரை.

இந்தப் பொழுதுபோக்கை அறியாத நேயர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நிஜ விமானத்தின் ஒவ்வோர் அளவையும் 72-ல் ஒரு பங்காகச் சுருக்கிப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள். வாங்கியவர் துண்டு துண்டாக வெட்டி, ராவி, ஒட்டி, வர்ணம் பூசி நிறுத்த வேண்டும். அதென்ன 72 என்ற கணக்கு? ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம் ஆகிறான். அடிக்கணக்கில் வளர்ந்தவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான கணக்கு வேறில்லை. பேரன் கொண்டுவந்தது ஹரிக்கேன் விமானம். 40 அடி அகல இறக்கை ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஒடுங்கியிருந்தது.

எத்தனையோ விமானங்கள் இருக்க, ஹரிக்கேனை அவன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் தாயார். அவருக்கு இப்போது தொண்ணூறு வயது. அவருடைய தகப்பனார் ரங்கூன் மொகல் தெருவில், ஒரு செட்டியார் மார்க்காவில் கணக்கு எழுதியவர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் முதல் குண்டு விழுந்தபோது தாயாருக்கு ஆறு வயது. பிறகு ஜனவரிக் கடைசியில் கப்பலுக்குச் சீட்டுக் கிடைக்கும் வரையில், பகலில் பாதி நேரம் பதுங்கு குழியில்தான் வாசம். குழியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு விமானத்தை இன்னொரு விமானம் துரத்துமாம். பெரியவர்கள் எல்லாரும் ராம நாமம் சொல்லிக்கொண்டிருக்க, குழந்தைக்கு மட்டும் ஒரே ஒரு சந்தேகம்: அந்தப் பறவைகளுக்குள்ளே மனிதன் இருக்கிறானா, இல்லையா? யாரும் பதில் சொல்லவில்லை. மறு மாதம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சந்தேகம் மட்டும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராமலே இருந்திருக்கிறது.

அவர் பார்த்தது ஹரிக்கேன்தானா என்று சத்தியம் செய்ய முடியாது. 1942 ஜனவரியில் ஹரிக்கேன்கள் ரங்கூனுக்கு வந்து சேர்ந்தன என்பது சரித்திரம். ஆறு வயதுக் குழந்தை அவற்றை இனங்கண்டிருக்கும் என்பது பேரனின் தீர்மானம். சிட்னி காம் என்ற ஆங்கிலேயர் வகுத்து, 1935 நவம்பர் 6-ஆம் தேதி முதன் முதலாகப் பறந்த விமானம் அது. 14,000-க்கு மேல் செய்து குவித்தார்கள். நம்மவர்களும் அதை ஓட்டினார்கள். 1944-இல் இம்பாலைச் சுற்றி நடந்த போரில் இந்திய விமானப் படையின் முதலாவது ஸ்குவாட்ரனை ஹரிக்கேன்களில் அழைத்துச் சென்ற வாலிபர் அர்ஜன் சிங். அவரே 1965 யுத்தத்தில் விமானப் படைத் தலைவராக இருந்தவர். 2002-இல் மார்ஷல் பட்டம் பெற்று, 2017-இல் காலமானார். பேரன் தன் விமானத்துக்கு அந்த இம்பால் கோலத்தையே பூட்டுவது என்று முடிவு செய்தான். "பெரிய அம்மாச்சி பார்த்தது வெள்ளைக்காரன் விமானம் அல்லவா?" என்று கேட்டேன். "பார்த்தது எதுவோ இருக்கட்டும். செய்வது நம்முடையது" என்றான். பதில் சொல்லத் தோன்றவில்லை.

பெரிய அம்மாச்சி என்று அவன் அழைக்கும் என் தாயார், வேலை ஆரம்பித்த அன்றே மேஜையருகே வந்து நின்று ஒரு நிபந்தனை போட்டார்:

"உள்ளே ஆள் தெரிய வேண்டும், தம்பி."

அந்த நிபந்தனை அப்படியே போய் விழுந்த இடம், விமானி உட்காரும் அறைக்கு மேலே கவிழ்க்கும் கண்ணாடிக் கூண்டு. கனோபி என்பார்கள். பெட்டியில் மற்ற எல்லாத் துண்டுகளும் சாம்பல் நிறம். இது மட்டும் நீர்த்துளியைப் போலத் தெளிந்த பிளாஸ்டிக். மற்றவற்றில் தவறு செய்தால் மக்கு வைத்து மூடலாம், ராவலாம், மேலே வர்ணத்தைப் பூசி மறைக்கலாம். இதில் எந்தத் தவறும் மறையாது. உள்ளே பூசினாலும் தெரியும், வெளியே பூசினாலும் தெரியும். பெட்டிக்கு ஒன்றுதான், உடைந்தால் கீழ ராஜ வீதியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. எத்தனையோ பேர் விமானத்தை அழகாகக் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் இந்தச் சுண்டுவிரல் நகத்தளவு துண்டில் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்களாம்.

அதிலும் ஹரிக்கேனின் கூண்டு உண்மையிலேயே கூண்டுதான். பிற்கால விமானங்களில் ஒரே குமிழாக ஊதி எடுத்த கூண்டைப் பார்க்கலாம். ஹரிக்கேனிலோ நெடுக்குச் சட்டமும் குறுக்கு வளையமுமாகப் போட்டு, ஒரு டஜனுக்குக் குறையாத கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நிஜத்தில் ஓர் அங்குல அகலமுள்ள சட்டம் பொம்மையில் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தச் சட்டங்களுக்கு மட்டும் வர்ணம் ஏற வேண்டும். நடுவே உள்ள கட்டங்களில் ஒரு புள்ளிகூடப் படக் கூடாது.

பிளாஸ்டிக் வருமுன் இந்தச் சங்கடமே கிடையாது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தையும் சொந்த விமானத்தையும் உருவம் கண்டு பிரித்தறியப் பழகுவதற்காக, ஐந்து லட்சம் மர விமானங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டே செதுக்க ஏற்பாடு செய்தது. அவையும் இதே 72-ல் ஒரு பங்குதான். கட்டை முழுவதும் கறுப்பு; கூண்டும் கறுப்பு. உள்ளே ஆள் இருக்கிறானா என்று கேட்க வழியில்லை.

பேரனுடைய முதல் முயற்சியைப் பற்றி அதிகம் எழுதாமலிருப்பதே தர்மம். கூண்டின் சட்டம் வெளியே பார்த்தால் விமானத்தின் நிறமாக இருக்க வேண்டும். உள்ளே பார்த்தால் விமானி அறையின் நிறமாக இருக்க வேண்டும். ஹரிக்கேனுக்கு வெளியே கரும்பச்சையும் மண் நிறமும், உள்ளே சாம்பல் கலந்த ஒரு வெளிர் பச்சை. நியாயமாக யோசிக்கும் எவரும் என்ன செய்வார்? வெளியே மண் நிறத்தைப் பூசுவார். கூண்டைக் கவிழ்த்து உட்புறத்தில் பச்சையைப் பூசுவார். பையனும் அப்படித்தான் செய்தான். உட்புறத்தின் வளைவில் தூரிகை நுழையவில்லை. நுழைந்த இடத்தில் வர்ணம் நிற்கவில்லை. சித்தன்னவாசலில் சுண்ணாம்புச் சுவரில் எழுதியவர்களுக்குச் சுவரே வர்ணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. வழவழப்பான பிளாஸ்டிக்குக்கு அந்தத் தாராளம் இல்லை. வர்ணம் வழுக்கிச் சென்று கட்டங்களின் மூலைகளில் குட்டை கட்டியது. உள்ளே தீட்டிய கோடும் வெளியே தீட்டிய கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல், சட்டம் ஒவ்வொன்றும் இரட்டையாகத் தெரிந்தது. நல்ல வேளையாக அது தண்ணீரில் கலக்கும் வர்ணம். சோப்பு நீரில் ஊறப்போட்டுத் துடைத்து எடுத்தோம்.

அன்று சாயங்காலம் வழி பிறந்தது, எங்கள் கூடத்துச் சுவரிலிருந்து.

என் தாயார் பிறந்த வீடு குழிபிறைப் பக்கம். அங்கிருந்து வந்த பழைய கண்ணாடிப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது; வெண்ணெய் தின்னும் கிருஷ்ணன். அந்தப் பக்கத்து வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் நடுவே இப்படிப்பட்ட படங்கள் ஏராளமாகத் தொங்கியதுண்டு. தஞ்சாவூர்ப் பாணி என்பார்கள். பின்பலகையைச் செல் அரித்துவிட்டதால் படத்தைக் கழற்றித் திண்ணையில் சாத்தியிருந்தோம். பேரன் அதன் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். முன்னால் பார்த்தால் கொழுகொழுவென்று கிருஷ்ணன். பின்னால் பார்த்தால் வெறும் நீலத் திட்டு, மஞ்சள் திட்டு, ஜிகினாத் தகடு. கண் எங்கே, மூக்கு எங்கே என்று ஒன்றும் புரியவில்லை.

"கண்ணை எங்கே எழுதினார்கள், தாத்தா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கண்ணாடி ஓவியன் கண்ணாடியின் பின்புறத்தில் எழுதுகிறான். ஆகவே சாதாரண ஓவியன் கடைசியில் செய்வதை எல்லாம் இவன் முதலில் செய்தாக வேண்டும். முதலில் கோடு, கண்ணின் கருமணி, நகைகளின் புள்ளி. அதன் பின்னால் வெள்ளை விழி. அதற்கும் பின்னால் முகத்தின் நீலம். எல்லாவற்றுக்கும் கடைசியில் திரைச்சீலையும் சுவரும். வலது கை இடது கையாக மாறிவிடும் என்பதால் மாதிரிப் படத்தையே திருப்பி வரைந்துகொள்ள வேண்டும். முதலில் வைத்த புள்ளி தப்பினால் பிறகு திருத்த இயலாது. அதற்குப் பின்னால் எத்தனை பூச்சு ஏறினாலும் கண்ணாடி வழியாக முதலில் தெரிவது அந்த முதல் புள்ளிதான்.

சொல்லி முடிப்பதற்குள் பையன் எழுந்து உள்ளே ஓடினான். "தாத்தா! உள்ளே பூசவே வேண்டாம்!" என்ற கூச்சல் மட்டும் வந்தது.

விஷயம் இவ்வளவுதான். கூண்டின் வெளிப்புறத்திலேயே முதலில் உள் நிறமான பச்சையைப் பூச வேண்டும். அது காய்ந்த பிறகு அதன்மேலேயே மண் நிறத்தைப் பூச வேண்டும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு மேல் பூச்சான மண் நிறம் தெரியும். உள்ளேயிருந்து தெளிந்த பிளாஸ்டிக் வழியாகப் பார்ப்பவனுக்கு முதல் பூச்சான பச்சை தெரியும். ஒரே சட்டம், இரண்டு முகம். கோடு இரட்டிக்க வழியில்லை. இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் உலகமெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் வீட்டில் அது கிருஷ்ணன் படத்திலிருந்து வந்தது என்பதில் தாயாருக்கு ஏகப் பெருமை.

தத்துவம் கிடைத்தது, கைவேலை பாக்கி. கூண்டைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்கக் கூடாது. தெளிந்த பிளாஸ்டிக், நிறப் பிளாஸ்டிக்கைவிட எளிதில் விரிசல் விடும். சற்றுத் தள்ளியே வெட்டுக் குறடால் நறுக்கி, மிச்சத்தை நகம் தேய்க்கும் அரத்தால் ராவ வேண்டும். பிறகு சோப்பு நீரில் அலம்ப வேண்டும். அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தால் வர்ணம் உரிந்துவிடும். காய்ந்ததும் தெளிந்த அக்ரிலிக் மெருகில் ஒரு முறை முக்கி, அதிகத்தைக் காகிதத்தால் உறிஞ்சிவிட்டு, தூசி படாமல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து ஓரிரவு விட வேண்டும். இந்த மெருகில் ஒரு மாயம் இருக்கிறது. கூண்டு மங்கலாகத் தோன்றுவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் ஒளியைச் சிதற அடிப்பதே. மெருகு அந்தக் கீறல்களை நிரப்பிவிடுவதால் ஒளி நேராகச் செல்கிறது. சோடா பாட்டில் போல இருந்தது ஸ்படிகம் போல ஆகிவிட்டது.

அடுத்தது கட்டங்களை மூடுவது. ஜப்பானியர் வாஷிக் காகிதத்தில் செய்யும் மெல்லிய மஞ்சள் நாடா இதற்கென்றே விற்கிறது. பெயிண்டர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒட்டும் தடித்த நாடா உதவாது. அதன் ஓரத்துக்கு அடியில் வர்ணம் புகுந்துவிடும். நாடாவைச் சட்டம் கட்டம் எல்லாவற்றின் மேலும் ஒட்டிப் பல்குச்சியால் அழுத்தித் தேய்த்தால், உயர்ந்த சட்டங்களின் விளிம்பு நாடாவின் கீழே தெளிவாக எழும்பும். அந்த விளிம்போடு கத்தியை ஓட்டிச் சட்டத்தின் மேல் உள்ள நாடாவை மட்டும் உரித்தெடுக்க வேண்டும். கத்தி என்றால் சவர பிளேடு அல்ல. மருந்துக் கடையில் கிடைக்கும் 11-ஆம் நம்பர் அறுவைப் பிளேடு. அதுவும் புதிதாக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடுதான் அழுத்தச் சொல்லும், அழுத்தினால்தான் வழுக்கும். (இந்த இடத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. நான் இருந்தேன். என் விரலில்தான் வெட்டு விழுந்தது.)

கை நடுங்குகிறவர்களுக்கு வேறு ஒரு மார்க்கம் உண்டு. கூண்டைத் தொடாமல் நாடாவுக்கே வர்ணம் பூசி, காய்ந்த பிறகு மெல்லிய கீற்றுகளாக அறுத்துச் சட்டத்தின்மேல் ஒட்டிவிடலாம். கோடு நேராக வரும். பையன் இதைக் குறுக்கு வழி என்று நிராகரித்துவிட்டான். என் வயதில் அவனுக்கு இதன் அருமை தெரியும்.

கட்டங்கள் மூடியானதும் உடனே வர்ணத்துக்குப் போகவில்லை. முதலில் அதே தெளிந்த மெருகை இன்னும் ஒரு கை பூசினான். நாடாவின் அடியில் எங்காவது சந்து இருந்தால் மெருகு அதில் புகுந்து அடைத்துக்கொள்ளும். தெளிவாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. பிறகு வரும் வர்ணத்துக்கு நுழைய இடமில்லை. அதற்குப் பின் பச்சை, தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லியதாக மூன்று முறை; நாடாவின் பக்கமிருந்து சட்டத்தை நோக்கித் தூரிகையை இழுத்தான். எதிர்த்திசையில் இழுத்தால் வர்ணத்தை நாடாவின் அடியில் நாமே தள்ளிவிடுவோம். பச்சையின்மேல் மண் நிறமும் கரும்பச்சையும். காற்றால் வர்ணம் தெளிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் பத்து நிமிஷத்தில் முடிப்பார்களாம். எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நாடாவை உரிக்கும்போது வீட்டில் எல்லாரும் கூடிவிட்டோம். நேராகத் தூக்காமல், நாடாவை அதன்மேலேயே மடித்துத் தாழ்வாக இழுத்தான். ஒவ்வொரு கட்டமாகத் திறந்தது. இரண்டு இடங்களில் வர்ணம் மயிரிழை கசிந்திருந்தது. தென்னை ஈர்க்கைக் கூராகச் சீவிச் சுரண்டியதும் போய்விட்டது. எஃகு முனை கீறிவிடும், ஈர்க்கு கீறவில்லை. கூண்டைத் தூக்கி உள்ளே பார்த்தால் பச்சை. வெளியே பார்த்தால் மண் நிறம். தாயார் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்து, "அந்தக் காலத்து வேலை மாதிரி இருக்கிறது" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

இத்துடன் கட்டுரை முடிந்திருந்தால் அடியேனுக்கு எவ்வளவோ கௌரவம்.

மறுநாள் காலையில் கூண்டை ஒட்ட வேண்டும். அதற்கு மர வேலைக்காரர்களின் வெள்ளைப் பசையைத் தவிர வேறொன்றும் கூடாது, பெவிகால் போதும். நிதானமாகக் காயும், காய்ந்தால் தெளிந்துவிடும், வழிந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம். இதைப் பையன் எனக்கு மூன்று முறை சொல்லியிருந்தான். ஆனால் அன்றிரவு அவன் தூங்கிய பிறகு, காலையில் எழுந்ததும் பூர்த்தியான விமானத்தைக் கண்டு திகைக்கட்டுமே என்று எனக்கு ஒரு பேராசை. அலமாரியில் நொடியில் ஒட்டும் பசை ஒரு குழாய் இருந்தது. ஆசனத்தில் விமானிப் பொம்மை ஏற்கெனவே அமர்ந்திருந்தது. முன்புறக் கண்ணாடிக்குப் பின்னே கூண்டை வைத்து, ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு, திருப்தியாகப் படுத்துக்கொண்டேன்.

காலையில் கூண்டு முழுவதும் பனி மூடியிருந்தது.

அந்தப் பசை காயும்போது ஓர் ஆவி கிளம்புகிறது. மூடிய இடத்தில் அது எங்கெங்கு படிகிறதோ அங்கெல்லாம் இறுகி வெள்ளைப் பொடியாக நிற்கிறது. மனித விரலின் ஈரமும் எண்ணெயும் பட்ட இடம் என்றால் அதற்கு விருந்து. போலீஸார் இதே ஆவியைக் கொண்டுதான் பொருள்களின் மேல் உள்ள கைரேகையை எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் போலீஸ் வேண்டியிருக்கவில்லை. கூண்டின் இடது கட்டத்தின் உட்புறத்தில், எட்டணா வெட்டிய தழும்போடு கூடிய என் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று எழுந்து நின்றது.

பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். விமானத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். தாயார் அவனருகே சென்று, அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஆள் இருக்கிறானா என்றே தெரியவில்லை.

"புரை விழுந்துவிட்டதா, தம்பி?" என்று கேட்டார். "எனக்குக்கூட இப்படித்தான் விழுந்தது. எடுத்துவிட்டார்களே?"

அவர் அறியாமல் சொன்னது, இந்தக் கூண்டின் சரித்திரத்திலேயே முக்கியமான அத்தியாயம். நிஜ ஹரிக்கேனின் கூண்டு பெர்ஸ்பெக்ஸ் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கால் ஆனது. 1940 ஆகஸ்டு 15-ஆம் தேதி இங்கிலாந்து வானில் நடந்த போரில் கார்டன் கிளீவர் என்ற விமானி ஓட்டிய ஹரிக்கேனின் கூண்டு குண்டுபட்டுச் சிதறியது. துணுக்குகள் அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தன. அவருக்குப் பல முறை சிகிச்சை நடந்தது. இப்படிக் காயம்பட்ட விமானிகளைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்ற கண் வைத்தியர் ஓர் அதிசயத்தைக் கண்டார். கண்ணுக்குள் அந்நியப் பொருள் எது புகுந்தாலும் கண் சிவந்து பழுக்கும். பெர்ஸ்பெக்ஸ் துணுக்கை மட்டும் கண் ஒன்றும் செய்யாமல் வைத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் புரை விழுந்த லென்ஸை எடுத்த இடத்தில் பெர்ஸ்பெக்ஸ் லென்ஸ் ஒன்றை வைத்தால் என்ன? 1949 நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ரிட்லி அதைச் செய்தார். சக வைத்தியர்கள் பல வருஷம் அவரைத் தூற்றினார்கள். 2000-இல் அவருக்கு ஸர் பட்டம் கொடுத்தார்கள்.

அந்த லென்ஸ் நம் பக்கத்துக்கு மலிவாக வந்து சேர்ந்தது மதுரையில். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆரோலாப், 1992 முதல் லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்தது. வெளிநாட்டு லென்ஸின் விலையில் மிகச் சிறு பங்குக்குக் கிடைத்தது. 1990-களின் கடைசியில் என் தாயாரும் கண் சிகிச்சை முகாமிலிருந்து பஸ்ஸில் மதுரைக்குச் சென்று அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்தான். அவர் கண்ணில் இருப்பதும் ஹரிக்கேனின் கூண்டும் ஒரே ஜாதிப் பிளாஸ்டிக் என்று நான் மாடிப்படியில் நின்று சொன்னபோது, பையன் தலையை நிமிர்த்தினான். அன்று காலை என் முகத்தை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கழற்றிப் பார்க்கலாமா, தாத்தா?" என்றான்.

நொடிப் பசைக்கு ஒரு நற்குணம்: பக்கவாட்டில் நெம்பினால் சட்டென்று விட்டுவிடும். பிளேடு முனையை ஓரத்தில் கொடுத்து அவனே மெல்ல நெம்பினான். கூண்டு முழுசாக வந்துவிட்டது. பல்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, பல் தேய்க்கும் பசையைத் துளி தொட்டு, உட்புறத்தை வட்டம் வட்டமாகத் தேய்த்தான். ஒரு பகல் முழுவதும் தேய்த்தான். நான் பஞ்சு சுற்றிக் கொடுத்தேன். அதற்கு மட்டும் அனுமதி இருந்தது. கழுவி, மறுபடியும் மெருகைத் தொட்டு வைத்தபோது மேல் கட்டங்கள் தெளிந்துவிட்டன. இடது பக்கத்து மூலை மட்டும் மங்கலாகவே நின்றது. அந்த மூலையில் தேய்க்கக் குச்சி எட்டவில்லை.

அப்போதுதான் அவனுக்கு இன்னொரு யுக்தி தோன்றியது. ஹரிக்கேனின் கூண்டு பின்பக்கமாக நழுவித் திறப்பது. தரையிலிருந்து கிளம்பும்போதும் இறங்கும்போதும் விமானிகள் அதைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஆகவே கூண்டை மூடாமல் பின்னுக்குத் தள்ளி ஒட்டிவிட்டால், மங்கல் மூலைக்கு அடியில் விமானத்தின் முதுகுதான் இருக்கும். அங்கே தெளிவு எதற்கு? இதிலும் ஒரு சங்கடம் இருந்தது. கூண்டின் கனம் ஒரு மில்லிமீட்டர். 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். நிஜத்தில் கிட்டத்தட்ட மூன்று அங்குலக் கனமுள்ள கண்ணாடி என்று ஆகிறது. அவ்வளவு தடித்த கூண்டு விமானத்தின் முதுகின்மேல் படியாமல் தொப்பி போல நிற்கும். அவன் கீழ் ஓரங்களை உட்புறமாகத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கினான். முழுக்கப் படிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு நூலளவு எழும்பித்தான் நிற்கிறது. வெள்ளைப் பசையை அவனே வைத்தான்.

அன்று இரவு விளக்கடியில் தாயாரின் உள்ளங்கையில் விமானத்தை வைத்தோம். சிவப்பு இல்லாத வட்டச் சின்னம், ஜப்பானியச் சிவப்புப் பொட்டென்று சொந்தப் படையே சுட்டுவிடாமலிருக்கக் கிழக்கே சிவப்பை எடுத்துவிட்டார்கள் என்றெல்லாம் பையன் விளக்கிக்கொண்டே போனான். அவர் காதில் எதுவும் விழவில்லை. உருப்பெருக்கியைக் கூண்டின் வாயருகே கொண்டுபோய், அரை அங்குல உயரத்துக்கு உட்கார்ந்திருந்த அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிறானே!" என்றார். சற்றுப் பொறுத்து, "சின்னப் பையனாக அல்லவா இருக்கிறான்" என்றார்.

"இருபது வயசு இருக்கும், பெரிய அம்மாச்சி" என்றான் பேரன்.

பஸ்ஸில் கொண்டுபோனால் உடைந்துவிடும் என்று விமானத்தை இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். புதுப் பின்பலகை போட்ட கிருஷ்ணன் படத்துக்குக் கீழே, அலமாரியில் நிற்கிறது. என் கட்டைவிரல் ரேகை உள்ள பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்திருக்கிறோம்.